மருந்து வந்த பின்னும் போகாத அச்சம்: புனேயிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

(சற்று நீண்ட பதிவு. பால்வினை நோய்களையும் அவை பற்றிய அச்சத்தையும் வெளிப்படையாகப் பேசுகிறது.)

புனே நகரை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில் வட்டாரத்தில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, பிம்ப்ரியில் உள்ள ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ். உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் துணைநிற்க இந்திய அரசு 1954இல் நிறுவி, 1955இல் பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை. மற்றொன்று, போசரியில் 1992இல் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. முன்னது, ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் இந்நாட்டில் மருந்தின்றித் திரிந்த சிபிலிசை உள்நாட்டு மருந்தால் குணப்படுத்த வழிசெய்தது. பின்னது, குணமாக்கும் மருந்து இல்லாத ஒரு புதிய தொற்றை எதிர்கொள்ளப் பிறந்தது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. மருந்து வந்ததும் நோய் குறைந்தது. அச்சம் ஏன் குறையவில்லை? ஒருமுறை நேர்ந்த உறவை நினைத்து நான்கு முறை இரத்தச் சோதனை செய்துகொண்டு, நான்காம் முறை வந்த அறிக்கையையும் நம்ப மறுத்து, இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் அறிகுறிகளைத் தேடும் இளைஞர்கள் இன்றும் உள்ளனர். ஆய்வு மாணவர் விடுதிகளில் தங்கியிருப்போர்க்கு இது புதிய செய்தியன்று. நோய்க்கு ஒரு வரலாறு இருப்பதுபோல அதன் அச்சத்துக்கும் தனி வரலாறு உண்டு என்பதும், அது நோயின் வரலாற்றோடு சேர்ந்து நடக்கவில்லை என்பதும்தான் நான் இங்குச் சொல்ல முற்படுவது.

மொழியியல் படித்தவன் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

சிபிலிஸ் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பரவியபோது இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். உருசியர் போலந்து நோய் என்றனர். கடல்வழியாக அது இந்தியாவுக்கு வந்தபோது நாமும் அதையே செய்தோம். பதினாறாம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் அதை 'பிரங்க ரோகம்' என்கிறது. தமிழில் அது பறங்கிப்புண் ஆயிற்று. அதற்கு மருந்தாக இறக்குமதியான வேர் பறங்கிப்பட்டை ஆயிற்று. இலங்கையில் 'பறங்கி' என்ற சொல், சிபிலிசின் உறவு நோயான யாஸ் என்பதற்கே பெயராக நிலைத்தது. நோய் எப்போதும் அயலானுடையது என்ற எண்ணம் பெயரிலேயே பதிந்துவிட்டது. அயலானுடைய நோய் தன்னிடம் இருக்கலாம் என்று ஒருவன் ஐயுறும் கணத்தில், அவன் நோயை மட்டும் அஞ்சுவதில்லை. தன் கூட்டத்திலிருந்து தான் வெளியேற்றப்படுவதையும் அஞ்சுகிறான்.

அடுத்த அடுக்கு வெப்பம். மராத்தியில் சிபிலிசுக்கு வழங்கும் நாட்டுப்பெயர் 'கர்மி', அதாவது சூடு. தமிழில் கொனோரியாவுக்கு 'வெட்டை'. அதற்கும் சூடு என்றே பொருள். மராத்தியின் 'பரமா'வும் தமிழின் 'மேக'மும் 'பிரமேகம்' என்ற ஒரே வடசொல்லின் வழிவந்தவை. மழைமேகத்துக்கும் இந்த மேகத்துக்கும் தொடர்பில்லை. மூலச்சொல் சிறுநீர் ஒழுக்கைக் குறிப்பது. இச்சொற்களின் பரப்பை எண்ணிப் பாருங்கள். சிறுநீர்க் கடுப்பு, வெள்ளைபடுதல், உடற்சூடு, நீரிழிவின் சில குறிகள், உண்மையான பால்வினைத் தொற்று ஆகிய அனைத்தும் மேகம், வெட்டை என்ற குடைக்குள் அடங்கும். மருத்துவ வகைப்பாடு என்ற அளவில் அதற்கு அதன் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அஞ்சுகிறவன் கையில் இத்தகைய சொல் கிடைத்தால், உடலில் தோன்றும் எந்த உணர்வையும் அதற்குள் வைத்துவிட முடியும். கோடைக்காலத்தில் நீர் குறைவாகக் குடித்தவனுக்கும் வெட்டைதான்.

இவற்றுக்கு மாற்றாக வந்த நவீனக் கலைச்சொல் 'பால்வினை நோய்'. நடுநிலையான, கண்ணியமான ஆக்கம் என்று நாம் கருதுவது. ஆயின் பால் என்பது தொல்காப்பியத்திலேயே ஊழ் என்ற பொருளிலும் ஆளப்பட்ட சொல். வினை என்பது செயலையும் குறிக்கும், செய்த செயலின் தவிர்க்கவியலாப் பயனையும் குறிக்கும். ஆக்கியோர் இதை எண்ணியிருக்கமாட்டார்கள். எனினும் ஊழும் கருமமும் ஒருங்கே ஒலிக்கும் ஒரு சொல்லைத்தான் மருத்துவமனைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். வட இந்தியச் சுவர்களில் காணும் 'குப்த ரோக்' இன்னும் நேரடியானது: மறைவான நோய். அந்தச் சொல் நோயின் பெயராக மட்டும் நின்றுவிடவில்லை. நோயாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

சொல்லுக்கு அடுத்து சட்டம். இதை விரைவாகக் கடக்கிறேன், ஏனெனில் இது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. 1817 கட்கிப் போருக்குப் பின் புனே பிரிட்டிஷ் படையின் பெரிய பாளையங்களில் ஒன்றாயிற்று. 1864ஆம் ஆண்டின் பாளையச் சட்டமும் 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டமும் பரத்தையரைப் பதிவுசெய்து, கட்டாயமாகப் பரிசோதித்து, தொற்றுக் கண்டால் 'லாக்' மருத்துவமனைகளில் அடைக்க வழிசெய்தன. அவர்களிடம் சென்ற படைவீரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிரிட்டனிலும் இந்தியாவிலும் எழுந்த எதிர்ப்பால் 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் பரிசோதனை என்றால் பிடித்து அடைப்பது என்ற பொருத்தம் அப்போதுதான் நிறுவப்பட்டது. அதன் நிழல் நூறாண்டு கழித்தும் நீண்டதைப் பின்னர்ப் பார்ப்போம்.

1905இல் சிபிலிஸ் கிருமி கண்டறியப்பட்டது. 1906இல் வாசர்மன் சோதனை வந்தது. இனி ஐயத்துக்கு இடமில்லை, இரத்தமே பேசும் என்று உலகம் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சியில் ஒரு கோளாறு இருந்தது. அச்சோதனை கிருமியை நேரடியாகக் காணவில்லை. ஒருவகைக் கொழுப்புப் பொருளுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையையே கண்டது. நோயற்ற மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த சாறும் அச்சோதனைக்குப் போதுமானதாக இருந்தது என்பதே அதற்குச் சான்று. தொழுநோய், மலேரியா ஆகியவற்றிலும் அதே எதிர்வினை தோன்றும். மலேரியா மலிந்த ஒரு நாட்டில் இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. கொசு கடித்துக் காய்ச்சல் கண்டவனுக்கும் 'உண்டு' என்ற முடிவு வரக்கூடும். அதை அவன் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவான்?

இவ்விடத்தில்தான் இப்பதிவின் நாயகர் வருகிறார். ரகுநாத் தோண்டோ கார்வே (1882-1953). புனேயில் பெண்கல்விக்காக வாழ்ந்த மகரிஷி கார்வேயின் மூத்த மகன். புனேயின் நியூ இங்கிலீஷ் பள்ளியிலும் ஃபெர்குசன் கல்லூரியிலும் படித்தவர். கணிதப் பேராசிரியர். பம்பாயின் வில்சன் கல்லூரியில் வேலை பார்த்தவர். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசியதற்காக அந்த வேலையை இழந்தவர். 1921இல், லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் தம் மருத்துவகத்தைத் திறந்த அதே ஆண்டில், பம்பாயில் கருத்தடை ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கினார். மனைவி மாலதி உடன் நின்றார். 1927 ஜூலையில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' (சமூக நலம்) என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கி, தம் இறப்புவரை நடத்தினார். பால்வினை நோய்களிலிருந்து காத்துக்கொள்வது பற்றித் தனி நூலும் எழுதினார். அவர் வாழ்க்கையை அமோல் பாலேகர் 'த்யாஸ்பர்வ' என்ற பெயரில் 2001இல் திரைப்படமாக எடுத்தார். இங்குப் பெரியாரும் 'குடி அரசு' வட்டமும் கர்ப்ப ஆட்சி பற்றி எழுதிக்கொண்டிருந்த காலமும் ஏறக்குறைய இதுவே. இருவரையும் ஒப்பிட்டு யாரேனும் ஒரு முனைவர் பட்டமே செய்யலாம்.

அந்த இதழில் என்னை ஈர்ப்பது கட்டுரைகளைவிடக் கேள்வி-பதில் பகுதி. எவரிடமும் கேட்க முடியாதவற்றை வாசகர்கள் எழுதிக் கேட்டனர். கணித ஆசிரியர், கணக்கை விளக்கும் தொனியில் பதில் எழுதினார். கேட்டவரின் ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணை அப்பதில்களில் இல்லை. இதுதான் பெருங்குற்றமாயிற்று. 1931இல் ஒழுக்கமீறல் குறித்த ஒரு கட்டுரைக்காக, புனேயின் வைதிகர்கள் முயற்சியால் அவர் நீதிமன்றம் ஏறினார். 100 ரூபாய் தண்டம். 1934இல் மீண்டும் வழக்கு. இம்முறை குற்றம் கட்டுரை எழுதியதன்று, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னது. தற்புணர்ச்சி, ஒருபால் ஈர்ப்பு பற்றிய கேள்விகள். உயர்நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். இதழின் பொருளே பாலியல் என்னும்போது அது பற்றி வாசகர் கேட்பதற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது இதழையே மூடச் சொல்வதாகும். கேள்வி கோணலானது என்று தோன்றினாலும் அந்தக் கோணலை நீக்க அறிவைத் தவிர வேறு வழி ஏது என்ற போக்கில் அவர் வாதம் அமைந்தது. வழக்கு தோற்றது, 200 ரூபாய் தண்டம் நிலைத்தது.

இதை எழுத்துரிமை வரலாற்றின் ஒரு பக்கமாகவே வழக்கமாக வாசிக்கிறோம். மருத்துவ வரலாற்றின் ஒரு பக்கமாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அன்று நோய்க்கு நம்பகமான மருந்து இல்லை. சால்வர்சான் என்ற ஆர்சனிக் மருந்து 1910 முதல் இருந்தும் அது நீண்டது, நச்சுத்தன்மை உடையது. அச்சத்துக்கு மட்டும் ஒரு மருந்து இருந்தது: கேட்ட கேள்விக்குத் தெளிவான பதில். அந்த ஒரு மருந்தைத்தான் நீதிமன்றம் ஆபாசம் என்றது.

பதில் தடைப்பட்ட இடத்தில் வணிகம் புகுந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்க்கு லாட்ஜ் வைத்தியர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதத்தின் இன்ன தேதியில் இன்ன ஊரின் இன்ன விடுதியில் முகாம் என்று நாளிதழ் மூலையில் வரும் கட்டம்; பின்னாளில் பின்னிரவுத் தொலைக்காட்சி. அறியாப் பருவத்தில் செய்த தவறுகளால் கை கால் அசதி, ஞாபக மறதி, சிறுநீர் எரிச்சல், நரம்புத் தளர்ச்சி... இப்பட்டியலை மொழியியல் கண்கொண்டு பாருங்கள். இதில் எதுவும் பொய்யன்று. எல்லா மனிதருக்கும் எப்போதேனும் நேர்வது. பொய் இருப்பது 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபில். தவறுகளால். காரணத்தை நிறுவும் அந்த ஒற்றை உருபுதான் வியாபாரம். இந்த அச்சத்தின் ஒரு வடிவத்துக்கு, விந்து விரயம் பற்றிய கவலையால் வரும் தளர்ச்சிக்கு, மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் 'தாத்' நோய்க்குறித்தொகுதி என்று பெயரிட்டார். மருத்துவம் அதை மனத்தின் வருத்தமாகக் கண்டது. விடுதி அறையில் அது உடலின் குறையாகவே விற்கப்பட்டது.

அரசு வாளாவிருக்கவில்லை. பிம்ப்ரி ஆலை நிறுவப்பட்ட அதே 1954இல் மருந்துகள், மாய மருத்துவங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பால்வினை நோய்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது குற்றம். ஹம்தர்த் தவாகானா முதலிய நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. இத்தகைய வணிக விளம்பரம் பேச்சுரிமையின் காப்புக்குள் வராது என்று 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது; சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கியது. சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. சுவர் விளம்பரமும் உள்ளது. 1934இல் பதில் சொன்னவரைத் தண்டித்த அளவு முனைப்பு, பின்னர் அச்சத்தை விற்றவர் மீது காட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி 1986, சென்னை. சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, ஆய்வேட்டுக்காக இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வசதி குறைவால் மாதிரிகள் சில காலம் அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. பெருமைக்குரிய அறிவியல், ஆனால் அந்த இரத்தம் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. எதற்கான சோதனை என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தொற்று உறுதியான பெண்கள் சிலர் விடுதலைக்குரிய நாள் கடந்தும் விடுவிக்கப்படவில்லை. ஒரு பத்திரிகையாளர் தொடுத்த பொதுநல வழக்கில் 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. 1989இல் கோவாவில் குருதிக்கொடை அளித்த டொமினிக் டி'சோசா என்ற இளைஞர், இரத்தத்தில் தொற்றுக் கண்டதற்காக 64 நாள்கள் அடைத்து வைக்கப்பட்டார். அவருடைய தாய் லூசி தொடுத்த வழக்கில், தனிமைப்படுத்தும் அதிகாரம் செல்லும் என்றே பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1868இன் நிழல் என்று முன்னர்ச் சொன்னது இதைத்தான்.

ஆகவே, அந்நாளில் சோதனை முடிவை அஞ்சியவரை மனப்பிறழ்வு உடையவர் என்று சொல்லிவிட முடியாது. முடிவு சிறைக்கு இட்டுச்செல்லும்போது அஞ்சுவது பகுத்தறிவே. இன்றைய அச்சத்தில் அந்தப் பழைய நியாயத்தின் எச்சம் இருக்கிறது. நிலைமை மாறியது, நினைவு மாறவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் பணியில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. 2004 முதல் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் தொற்றுப் பரவுவதில்லை. இவற்றை அறியாதவர் இன்னும் 'ஆட்கொல்லி நோய்' என்ற 1990களின் சுவரெழுத்துக்குள்ளேயே வாழ்கிறார்.

எய்ட்ஸ் பற்றிய சுவரெழுத்துகளுள் தமிழர் எவரும் மறவாதது 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம். யார் புள்ளிராஜா என்று நாடே கேட்டது. அவ்வகையில் பெரும் வெற்றி. நான் கவனிப்பது அதன் வினா வடிவத்தை. வருமா? வந்திருக்குமா? பதிலை ஒத்திப்போட்டு ஆவலைத் தூண்டும் விளம்பரம், ஐயத்தோடு வாழ்பவனின் உள்மனப் பேச்சை அப்படியே சுவரில் எழுதிவிட்டது. இதற்கு நேர்மாறாக, விஜய் தொலைக்காட்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் நடத்திய 'புதிரா புனிதமா' கேள்வியைப் பதிலில் முடித்தது. சிரித்துக்கொண்டே, கேட்டவரைக் கூசச் செய்யாமல். கார்வே மரபின் தமிழ்த் தொடர்ச்சி என்று அதைச் சொல்வேன்.

அச்சம் கூடுதலாக இருப்பது மட்டுமன்று சிக்கல். அது தவறான திசையில் பார்ப்பதும் சிக்கல். போசரி நிறுவனத்தின் ஆய்வாளர் ராமன் கங்காகேட்கரும் உடனாளர்களும் 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். (2020இல் கொரோனா பற்றி நாள்தோறும் தொலைக்காட்சியில் விளக்கம் அளித்த அதே கங்காகேட்கர்தான்.) 1993 முதல் 1996 வரை புனேயின் பால்வினை நோய் மருத்துவகங்களுக்கு வந்த பெண்களுள், பாலியல் தொழிலில் இல்லாத 391 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். 13.6 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு துணை அறியாதவர்கள். மருத்துவகத்துக்கு வந்தவர்களிடையே எடுத்த கணக்கு என்பதால் இதை ஊரெல்லாம் பொருந்தும் எண்ணாகக் கொள்ளக்கூடாது. ஆயினும் அது சொன்ன செய்தி கடுமையானது. நூறாண்டுச் சட்டமும் விளம்பரமும் பரத்தையை அஞ்சக் கற்பித்தன. கணவனை அஞ்ச யாரும் கற்பிக்கவில்லை. அஞ்சாதவள் சோதனைக்கு வரவில்லை. தொற்று வாய்ப்பே இல்லாத தொடுகைக்காக நான்கு முறை சோதித்துக்கொள்பவனும், உண்மையான ஆபத்தில் இருந்தும் ஒருமுறைகூடச் சோதிக்கப்படாதவளும் ஒரே நகரத்தில் வாழ்ந்தனர்.

சென்னையில் அந்த ஆறு மாதிரிகள் கண்டறியப்பட்ட அதே 1986இல், இங்கிலாந்தில் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இருவர் உடல்நல அச்சம் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அதன் சாரம்: அஞ்சுகிறவர் மருத்துவரிடமும் நண்பரிடமும் 'ஒன்றுமில்லை' என்ற உறுதிமொழியைத் தேடுகிறார், கிடைத்ததும் மனம் இலேசாகிறது, சில மணி நேரத்தில் ஐயம் திரும்புகிறது, முன்னைவிடப் பெரிய உறுதிமொழி தேவைப்படுகிறது. உறுதிமொழியே அச்சத்தை வாழவைக்கும் உணவாகிறது.

அப்படியானால் கார்வே செய்ததும் தவறா? பதில் சொல்லச் சொல்ல அச்சம் வளருமென்றால் அம்பேத்கர் எதற்காக வாதாடினார்? இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியது நன்னூல். வினா ஆறு வகைப்படும் என்று பள்ளியில் மனனம் செய்தோமே: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கார்வேக்கு எழுதிய வாசகர் கேட்டது அறியா வினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. பதில் கிடைத்தால் அது முடிந்துவிடும். நான்காம் சோதனைக்குப் பின் அதே கேள்வியைக் கேட்பவர் கேட்பது, தோற்றத்தில் ஐய வினா. உள்ளபடி கொளல் வினா. கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்று கேட்பவர் பருப்பைப் பற்றிய அறிவை நாடவில்லை, பருப்பை நாடுகிறார். இவரும் தகவலை நாடவில்லை. ஒருநாள் நிம்மதியை நாடுகிறார். அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் கடைதான் நம் கையில் உள்ள கைப்பேசி. கார்வேயின் இதழ் மாதம் ஒருமுறை வந்தது என்பதும் ஒரு நன்மையே. பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் முப்பது நாள் வாழ வேண்டியிருந்தது.

ஆய்வகத் தமிழ் இங்கு நமக்கு உதவுவதில்லை. 'நோய் உறுதியாக இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரு பொருள்: நோய் இல்லை என்பது உறுதி, நோய் இருப்பது உறுதியாகவில்லை. 'உறுதியாக' என்பது எதைத் தழுவுகிறது என்பதில் பிறக்கும் மயக்கம் இது. அமைதியான மனம் முதல் பொருளைக் கொள்ளும். அஞ்சும் மனம் இரண்டாவதைத்தான் கொள்ளும். அறிக்கையில் வரும் 'நான்-ரியாக்டிவ்' என்ற சொல்லையும், இல்லை என்று நேராகச் சொல்லாமல் ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் ஆராய்ந்தவர்களை அறிவேன். சோதனையின் மொழி எதிர்வினை உண்டு, இல்லை என்று மட்டுமே பேசும். அது அச்சோதனையின் இலக்கணம், மறைபொருள் அன்று. ஆலோசகர்கள் 'உங்களுக்கு இத்தொற்று இல்லை' என்று எழுவாயோடு முழு வாக்கியமாகச் சொல்வது நல்லது.

நடைமுறைக்குத் தேவையானவை சில உண்டு. வரலாற்றுப் பதிவு என்று அவற்றை விட்டுவிட மனம் வரவில்லை. ஆபத்தான உறவு நிகழ்ந்து 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். 28 நாள் உட்கொள்ள வேண்டும். அக்காலம் கடந்திருந்தால், ஆய்வகத்தில் செய்யப்படும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாளும், விரல்நுனி விரைவுச் சோதனைக்கு 90 நாளும் காத்திருப்பது முறை. தடுப்பு மருந்து உட்கொண்டவர்க்கு எப்போது என்பதை மருத்துவர் சொல்வார். சிபிலிஸ் ஆரம்ப நிலையில் இருந்தால் 24 லட்சம் அலகு பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒன்று போதும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையின் கீழும், புனேயில் சசூன் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசம். தொலைபேசியில் கேட்க 1097.

உரிய காலத்தில், உரிய சோதனையை ஒருமுறை செய்து, முடிவு இல்லை என்று வந்த பின்னும் கேள்வி நிற்கவில்லையென்றால், ஐந்தாம் சோதனை அதற்குப் பதில் சொல்லாது. அக்கேள்வி இரத்தத்தைப் பற்றியதன்று. அதற்கான மருத்துவம் வேறு அறையில் நடக்கிறது: உடலை நாள்தோறும் சோதித்துப் பார்ப்பதையும் இணையத்தில் தேடுவதையும் மற்றவரிடம் உறுதிமொழி கேட்பதையும் படிப்படியாகக் குறைத்து, ஐயம் எழும்போது அதற்கு ஓடிப்போய்ப் பதில் தராமல் சிறிது நேரம் அப்படியே இருக்கவிடப் பழக்குவது அதன் முதன்மையான பகுதி. தொடக்கத்தில் கடினம். அந்த உறவைப் பற்றிய குற்ற உணர்வு அச்சத்தின் உடையில் வந்து நிற்கிறதா என்பதையும் அங்கே பேச முடியும். பலருக்கு அதுதான் உள்ளே இருப்பது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், பேச வேண்டிய மொழியை நாமே தேர்ந்தெடுக்கலாம்.